திங்கட்கிழமைக்கு ஒரு வார்த்தை

மீன், என்றாள் சுகந்தி. மீன் பாரு, மீன். பிளாஸ்டிக் பையின் முடிச்சை இன்னும் அவிழ்க்கவில்லை, அதற்குள் நாற்றம் முந்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. தனபால் காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய் ஒன்றரைக் கிலோ ஜிலேபிக் கெண்டையை முழுசாக வாங்கிவந்து, பையை அப்படியே பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் போட்டுவிட்டு ஹாலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். கேட்டால் கடையிலேயே ஆய்ந்து கொடுப்பார்கள். ஆனால் கடைக்காரன் கத்தி பட்டால் மீனின் ருசி போய்விடும் என்பது அவர்கள் வீட்டு வேதம். ருசி அவனுக்கு, குடல் அவளுக்கு, வேறென்ன. பின்வாசல் குழாயடியில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து, மகன் சர்வேஷை எட்டாத தூரத்தில் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார வைத்து, மீன், என்று மறுபடியும் சொன்னாள். மீனுக்குக் கண்ணு. கண்ணு பாரு, இங்க. அவன் கண்ணைப் பார்க்கவில்லை, பையின் மூலையிலிருந்து சொட்டும் சிவப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வயது ஐந்து மாதம். உறையூர் முழுக்க அந்த வயதுப் பிள்ளைகள் எதிர்வீட்டுக்காரியின் வண்டவாளத்தையெல்லாம் தண்டவாளம் ஏற்றிக்கொண்டிருக்க, இவன் வாயில் ஒரு வார்த்தை கிடையாது. நாளைக்குத் திங்கட்கிழமை. பதினொரு மணிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஷர்மிளா மேடத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒரு வார்த்தையாவது வந்திருக்கா சுகந்தி, என்று அந்தப் பெண் பேனாவைத் திறந்தபடி கேட்பாள். இல்லை என்றால் சென்னைக்கு எழுதிக் கொடுப்பாள். அங்கே பெரிய பரிசோதனை, மூன்று நாள் தங்க வேண்டும், அவர்கள் ஒரு பெயர் சொல்வார்கள், அந்தப் பெயர் வாழ்நாள் முழுக்கப் பிள்ளையின் கூடவே வரும். அந்தப் பெயர் என்னவாக இருக்கும் என்று போனில் தேடித் தேடி இரண்டு மாதமாகச் சுகந்திக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டு வேலையையே பாடமாக்கிடுங்க, என்று மேடம் சொல்லியிருந்தாள். தனியா உட்கார வெச்சுச் சொல்லித் தராதீங்க. கையில எதை எடுக்கறீங்களோ அதைச் சொல்லுங்க, என்ன செய்றீங்களோ அதைச் சொல்லுங்க, அவன் கண் மட்டத்துக்குக் குனிஞ்சு, உங்க வாய் அசையறது அவனுக்குத் தெரியற மாதிரி. எதையாவது கேட்டுட்டு உடனே நீங்களே பதில் சொல்லிடாதீங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. காது நல்லாவே கேக்குது, காரணம் எதுன்னு இப்பவே முடிவு கட்ட வேண்டாம், பேசுங்க, பேசிக்கிட்டே இருங்க. பேசினாள். இரண்டு மாதமாகப் பேசுகிறாள். சோப்பு, நுரை, துண்டு, தலை துவட்டலாமா. வெங்காயம், உரிக்கிறேன் பாரு, உள்ளே வெள்ளை. துடைப்பம், குப்பை, அள்ளலாமா. ஐம்பது வார்த்தை எழுதிய தாள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது, ஒன்றுக்கு நேராகக்கூடச் சரிக்குறி இல்லை. அவள் குரல் அவளுக்கே குமட்டியது. தள்ளுவண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருவில் உப்பு விற்கிறவன் குரல், கோலமாவு உப்பேய் கோலமாவு உப்பேய் என்று பதிவு செய்து ஓடவிட்ட குரல். பக்கத்து போர்ஷன் புவனாக்கா ஒரு நாள் மதில் வழியாக எட்டிப் பார்த்து, "யார்கிட்ட சுகந்தி பேசிக்கிட்டே இருக்க?" என்றாள். புள்ளைகிட்டக்கா. "ஓ, நான் நீ தனியாப் பேசுறியோன்னு நெனச்சேன்," என்று சிரித்துவிட்டுப் போனாள். தனியாகத்தானே பேசுகிறேன் என்று அன்றைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். மீன் குஞ்சுக்கு நீந்தச் சொல்லித் தர வேண்டுமா என்பார்கள். மனுஷக் குஞ்சுக்குப் பேசச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

செதில், என்றாள். செதில் எடுக்கலாமா, சர்ர் சர்ர். வாலைப் பிடித்து, அரிவாள்மனையின் முதுகுப் பக்கத்தில் தலையை நோக்கி இழுத்தாள். செதில்கள் தெறித்து முழங்கையில் ஒட்டின, நெற்றியில் ஒன்று, கீழ் உதட்டில் ஒன்று. உதட்டில் ஒட்டியதைத் தோள்பட்டையில் துடைத்தாள், போகவில்லை, எச்சிலோடு துப்பினாள். ஜிலேபிக் கெண்டைக்கு வாய் பெரிது. செத்தும் மூடாத வாய், எதையோ சொல்ல வந்து சொல்லாமல் செத்த வாய், உள்ளே சின்னச் சின்னப் பல். வாய், என்று சொல்ல வேண்டும், தாளில் பதினான்காவது வார்த்தை. குனிந்து, பிள்ளையின் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், வாய், என்று சொல்ல வேண்டும். குனிந்தாள். கடைசி நேரத்தில் கழுத்து தானாகப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. எப்போதும் அப்படித்தான் திரும்பிக்கொள்கிறது. வார்த்தையைச் சுவரிடம் சொன்னாள். நாறுமோ என்ற பயம். மூன்று வேளை பல் தேய்க்கிறாள், கிராம்பு மெல்லுகிறாள், உள்ளங்கையைக் குவித்து ஊதி மோந்து பார்க்கிறாள், ஒன்றும் இல்லை என்று மூக்கு சொல்கிறது, மூக்கை யார் நம்புவது. நாற்றக்காரிக்குத் தன் நாற்றம் தெரியாது. எட்டு மாதத்துக்கு முன்னால் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள், பாயசம் இன்னும் வரவில்லை, நாத்தனார் தன் சமையலறை மேடையைப் பற்றி அளந்துகொண்டிருந்தாள், சுகந்தி ஏதோ சொன்னாள், கல் நல்லாருக்கு, கொஞ்சம் உயரம் போட்டிருக்கலாம், அவ்வளவுதான். இலையிலிருந்து தலையைத் தூக்காமல், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே தனபால் சொன்னான், "நீ வாயைத் தொறந்தாலே நாறுதுடி. மூடு." பந்தியில் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்தவன்கூடச் சிரித்தான். அப்போது அவளுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை, உண்மையிலேயே நாறியிருக்கலாம், அதுதான் இன்னும் கேவலம். பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

மூடச் சொன்னான், மூடிக்கொண்டாள். வீம்பு. இரண்டு நாளில் வந்து கெஞ்சுவான் என்று நினைத்தாள், அவன் அவள் கெஞ்சுவாள் என்று நினைத்திருப்பான். இரண்டு நாள் பத்து நாளாகி, பத்து நாள் ஒரு மாதமாகி, இப்போது அது வீட்டில் ஒரு பீரோ மாதிரி நின்றுகொண்டிருக்கிறது, இரண்டு பேரும் இடிக்காமல் சுற்றிப் போகப் பழகிவிட்டார்கள். காரியம் எதுவும் நிற்கவில்லை. அதற்குத்தான் சர்வேஷ் இருக்கிறானே. அவள் அம்மா வீட்டிலும் சண்டை வந்தால் இதே வழக்கம்தான், உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு, உங்கம்மாகிட்ட பசியில்லைன்னு சொல்லு. சின்ன வயதில் அவளும் ஓடியிருக்கிறாள், அது ஒரு விளையாட்டாகக்கூட இருந்தது. ஆனால் அவளுக்கு அப்போது ஏழு வயது, வாய் கிழியப் பேசுவாள், நடுவில் நாலு வார்த்தை சேர்த்தும் விடுவாள். இவன் ஒன்றே முக்கால் வயதில் உத்தியோகத்துக்குப் போனவன். அப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீர்ந்துடுச்சுன்னு. உங்கம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு ராத்திரிதான் வருவேன்னு. திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வர முடியுமான்னு அப்பாவைக் கேளு. லீவு கிடைக்காதுன்னு சொல்லு. தத்தித் தத்தி இங்கேயிருந்து அங்கே, அங்கேயிருந்து இங்கே. அப்போது அவனிடம் நாலு வார்த்தை இருந்தது. ம்மா, ப்பா, காக்கா, தண்ணிக்கு ண்ணி. எந்தத் தேதியில் எது போயிற்று என்று சுகந்திக்குத் தெரியாது. பல் விழுந்தால் தெரிகிறது, பிள்ளை வாயிலிருந்து ஒரு சொல் விழுந்ததைத் தாய் கவனிக்கவில்லை. அவளுக்கு அப்போது முறைத்துக்கொண்டிருக்கவே நேரம் சரியாக இருந்தது. இதை அவள் மேடத்திடம் சொல்லவில்லை. வீட்ல எல்லாரும் நல்லாப் பேசுவீங்களா, என்று கேட்டபோது, நல்லாப் பேசுவோம் மேடம், என்றாள்.

டக். ஹாலில் தனபால் கால் நகம் வெட்ட ஆரம்பித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நகம். டக், சிறிது நேரம் கழித்து இன்னொரு டக். ஒவ்வொரு துண்டும் தெறித்து எங்கே விழும் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும், ஒன்று பாய்க்கு அடியில், ஒன்று பிள்ளையின் பொம்மை லாரியில், கட்டை விரல் நகம் மட்டும் அவன் கையில், அதை மூக்கருகே கொண்டுபோவான். மோந்து பார்ப்பான்! கல்யாணமான புதிதில் பார்த்துவிட்டுச் சிரித்தாள், இப்போது நினைத்தாலே நாக்கின் அடியில் எச்சில் ஊறுகிறது. காலையில் வாஷ்பேசினில் அவன் காறுகிற சத்தம், அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டையில் உருண்டு வரும் அந்தச் சத்தம், பிறகு பேசினில் வழுக்கிக்கொண்டு நிற்கும் அது. பற்பசை மூடியில் ஒட்டிய மீசை மயிர். பனியன் அக்குளில் மஞ்சள். சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவி, அதில் மிதக்கும் சோற்றுப் பருக்கை. அதையும்தான் பாடமாக்கினாள், தட்டு, பருக்கை, கொட்டலாமா, தொபுக். அருவருப்போடு அருவருப்பாக எட்டு மாதம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறார்கள், அதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கம். இதோ வயிற்றைக் கீறியாயிற்று. குடல், என்றாள், குடல் பாரு, நீளம். கறுப்புச் சவ்வு, பச்சைப் பித்தம், விரலை விட்டு வழித்தால் எல்லாம் ஒரு கொத்தாக வந்தது. பித்தம் உடைந்தால் குழம்பு கசக்கும், உடையாமல் எடுத்தாள், உடைத்துவிட்டால்தான் என்ன என்றும் தோன்றியது. மதில்மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. சுகந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்தாள். ஒன்றே முக்கால் வயதில் சொன்ன வார்த்தை, சொந்தமாகச் சம்பாதித்த வார்த்தை. என்னது அது, குட்டி? அவன் காக்கையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வாளியைக் குதிகாலால் தட்டினான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறார்களே, வாயில்லாத பிள்ளை என்ன செய்யும் என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எவனாவது அடித்தால் யாரிடம் போய்ச் சொல்வான். வயிறு வலித்தால் எங்கே என்று சொல்வான். நான் செத்துப்போனால் இந்த நகம் வெட்டுகிறவனிடம் எனக்குப் பசிக்கிறது என்று எப்படிச் சொல்வான். காக்கை குடலில் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு பறந்தது.

"டேய் சர்வேஷ், இங்க வா," என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. பிள்ளை வாளியிலிருந்து சறுக்கி இறங்கி ஓடினான். இந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு தடவை கூப்பிட்டால் போதும். "உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு, புளி கம்மியாப் போடச் சொல்லு. போன வாரம் வாயில வைக்க முடியல." பத்தடி தூரம். பிள்ளை கிளம்புவதற்கு முன்பே முழுசும் அவள் காதில் விழுந்துவிட்டது, விழட்டும் என்றுதான் அவனும் சத்தமாகச் சொன்னான். பதிலும் தயாராக இருந்தது, நாக்கு நுனியில், வாயில வைக்க முடியலேன்னா அவங்க அக்கா வீட்டுல போய்ச் சாப்பிடச் சொல்லு. பிள்ளை வந்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி, ஈரத்தில் கால் வைத்து, அவள் முன்னால் வந்து நேராக நின்றான். முகத்தை நிமிர்த்தினான். வாயைத் திறந்தான். சுகந்தி பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். வாயைத் திறந்தான்! ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா திறக்கிறான்? ஒவ்வொரு தடவையும் அவன் வந்து நிற்பதற்குள் இவள் பதிலை அவன் தலைக்கு மேலாக ஹாலுக்கு வீசிவிடுவாள், அங்கே தனபாலும் அப்படியே. எட்டு மாதமாக ஒரு நாளைக்கு இருபது தடவை சேதி கொண்டு வருகிறவனிடம், என்ன சேதி என்று யாரும் கேட்டதில்லை. வாயைத் திறப்பான், அதற்குள் வேலை முடிந்திருக்கும், மூடிக்கொள்வான். இவன் எதற்குப் பேச வேண்டும்? இந்த வீட்டில் நடக்கிற ஒரே பேச்சு இவன் பேசாமலே நடந்து முடிந்துவிடுகிறதே. தாளில் ஐம்பது வார்த்தையை எழுதி ஒட்டிவிட்டு, குடல் பாரு, குப்பை பாரு என்று கத்தியிருக்கிறாள், மூதேவி. அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

பேசவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். என்ன கண்ணு, என்றாள், மெதுவாக, இந்தத் தடவை கழுத்தைத் திருப்பாமல். ஒன்று. இரண்டு. பிள்ளை அவள் வாயையே பார்த்தான். வழக்கமாக வருகிறது வரவில்லை என்று அவனுக்குக் குழப்பம், புருவம் சுருங்கியது. மூன்று. நாலு. "சொன்னியாடா?" என்று ஹாலிலிருந்து அதட்டல். ஐந்து. கீழுதடு மேல்பல்லில் பட்டது, விலகியது, எச்சில் வழிந்தது. ஏழு. அவன் அவள் கையைப் பார்த்தான், கையிலிருந்த மீன் தலையைப் பார்த்தான், மறுபடி அவள் முகத்தைப் பார்த்தான். அவளுக்குத் தன் முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று தெரியாது, அந்த அதட்டலைக் கேட்கும்போது எப்போதும் என்ன இருக்குமோ அதுதான் இருந்திருக்கும். பத்து. ஒன்றும் வரவில்லை. பிள்ளை திரும்பி, படி ஏறி, உள்ளே போய்விட்டான். போயிற்று, திங்கட்கிழமை போயிற்று, சென்னைதான் என்று மீன் தலையைச் சட்டியில் போட்டாள். உள்ளே தனபால் கேட்டான், "என்னடா சொன்னா உங்கம்மா?"

"ச்சீ," என்றது ஒரு குரல்.

சுகந்திக்கு முதலில் யார் என்று புரியவில்லை. டிவி ஓடவில்லை. புவனாக்கா வீட்டில் குழந்தை கிடையாது. பிறகு புரிந்ததும் எழுந்திருக்கத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என் பிள்ளை. என் பிள்ளை வாயிலிருந்து. சந்தோஷம் வந்தது, அதன் கூடவே வேறொன்றும் வந்தது. இந்த வார்த்தையை எங்கே பிடித்தான்? தாளில் கிடையாது. ஒரு நாளும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரவில்லையா? வாஷ்பேசினைக் கழுவும்போது, பனியனை இரண்டு விரலால் தூக்கி வாளியில் போடும்போது, பாய்க்கடியில் நகத்தைக் கூட்டும்போது, யாருக்கும் கேட்காது என்று நினைத்து மூச்சோடு மூச்சாக விட்டதெல்லாம் இதுதானே. மற்றதையெல்லாம் உப்புக்காரன் குரலில் கத்தினாள், இது ஒன்றைத்தான் மனசாரச் சொன்னாள். பிள்ளைக்கு எது பேச்சு, எது ஒப்புக்கு என்று தெரிந்திருக்கிறது. கேட்டதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பிள்ளை, கடைசியில் அவள் சொல்லாததையும் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான்.

நகவெட்டி தரையில் விழுந்தது. தனபால் பின்வாசலுக்கு வந்து நின்றான், லுங்கியைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து. "புளி கம்மியாப் போடுன்னு சொன்னா, புள்ளைகிட்ட இதைத்தான் சொல்லி அனுப்புவியா நீ?" என்றான். எட்டு மாதத்துக்குப் பிறகு அவளைப் பார்த்து, அவளிடம் பேசினான், அதுவும் இது. மகன் இத்தனை மாதம் கழித்துப் பேசியிருக்கிறான், இவனுக்குப் பெண்டாட்டி திட்டியது மட்டும்தான் கேட்டிருக்கிறது. எந்த மாதிரி ஜென்மம் இது! அவன் கால் கட்டை விரலில் பாதி வெட்டிய நகம் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் அதையே பார்த்தாள். "நான் ஒண்ணும் சொல்லி அனுப்பல," என்றாள். அவனிடம் பேசி எவ்வளவு நாளாயிற்று. "நான் வாயே தொறக்கல. பேசுனது அவன்." தனபால் இன்னும் கோபத்தோடுதான் நின்றான், இன்னொரு வார்த்தை சொல்லக் கையைக்கூட நீட்டிவிட்டான். பிறகு அந்தக் கை அந்தரத்தில் நின்றது. வாய் மெல்லத் திறந்தது. கோபம் வடிந்த அந்த முகத்தை அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, ஏமாந்த குழந்தை முகம், சர்வேஷின் முகமேதான், அது அவளுக்கு இன்னும் வெறுப்பாக இருந்தது. "பேசுனானா?" என்றான். "ப்பான்னுகூடச் சொல்லாம இருந்தான்." பொத்தென்று படியில் குந்தி, பின்னாலேயே வந்து நின்ற பிள்ளையின் இரண்டு தோளையும் பிடித்தான். "எங்கடா, இன்னொரு தடவ சொல்லு. அப்பாகிட்ட சொல்லு. என்ன சொன்ன?" பிள்ளை அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தான். எதையோ வாங்கிக்கொண்டவன் மாதிரி தோளை விடுவித்துக்கொண்டு, இரண்டு படி இறங்கி, ஈரத்தில் நடந்து அம்மாவின் முன்னால் வந்து நின்று முகத்தை நிமிர்த்தினான். "ச்சீ," என்றான், தெளிவாக, முதல் தடவையைவிட நன்றாக. இதை யார் கொடுத்து அனுப்பினார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

அவளுக்கு அவமானமாக இருந்தது. தனபாலைப் பார்த்தால் அவனுக்கும் அப்படித்தான் போல, படியிலேயே குந்தியபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழாயில் தண்ணீர் சொட்டியது. பிள்ளை இவளைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், அடுத்து எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு அந்த மேடம் கேப்பாங்க," என்றாள் சுகந்தி, பிள்ளையைப் பார்க்காமல், தனபாலைப் பார்த்து. "ஒரு வார்த்தையாவது வந்துச்சான்னு."

"வந்துச்சுன்னு சொல்லு," என்றான் அவன்.

"என்ன வார்த்தைன்னு கேப்பாங்க."

சுகந்தி அடுத்த மீனை எடுத்து வாலைப் பிடித்தாள்.

"நீங்களும் வாங்க," என்றாள். "நீங்களே வந்து சொல்லுங்க."